சின்னக் கோச்சி குழு: மாமாட்டை எந்த எஞ்சினைச் சொல்லிவிடுறது?

கோண்டாவில் தம்பி, மாலை 6:14
எல்லாருக்கும் வணக்கம். நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டன் மாமா வாறார். ஒரு மொடல் ரயில் எஞ்சின் வாங்கியரச் சொல்லலாம் எண்டிருக்கிறன். ஒண்டே ஒண்டுதான். என்னட்டை 8 அடிக்கு 4 அடி பிளைவூட் பலகை, வளைவு முழுக்க ஹோர்ன்பி கொம்பனியின்ரை இரண்டாம் வட்டத் தண்டவாளம், சாதாரண 12 வோல்ற் கொன்ட்ரோலர். உங்களிட்டை இருக்கிறதுகளிலை "காசு குடுத்ததுக்கு இதுதான் திறம்" எண்டு நீங்கள் சொல்லுறது எது?

மானிப்பாய் மாஸ்டர், மாலை 6:20
இரண்டாம் வட்டம் எண்டால் ஆரை 438 மி.மீ. முதல் அதை மாமாவுக்கு எழுதிவிடும் தம்பி. பிரித்தானிய ஓ.ஓ. அளவு (76 இலை ஒரு பங்கு) எஞ்சின்கள் அனேகமாய் அந்த வளைவிலை திரும்பும். அமெரிக்க எச்.ஓ. அளவு (87 இலை ஒரு பங்கு) டீசலிலை ஆறு அச்சு வைச்ச நீளமானதுகள் 22 அங்குலம், அதாவது 559 மி.மீ. ஆரை கேக்கும். அதைக் கொண்டுவந்து 438 இலை விட்டால் போகி, அதாவது சில்லுகள் பூட்டின அடிவண்டி, திரும்ப இடம் காணாது. எஞ்சின்ரை படிக்கட்டிலை முட்டி, சில்லு தூக்கி, வளைவின்ரை நடுவிலை இறங்கி நிக்கும்.

கோண்டாவில் தம்பி, மாலை 6:22
சரி மாஸ்டர். எங்கடை லைனிலை ஓடினது மாதிரி இருந்தால் இன்னும் சந்தோசம். எங்கடை எம் 2 டீசல் கிடைக்குமோ?

கொக்குவில் அக்கா, மாலை 6:34
எம் 2 எண்ட பேரிலை தேடாதையும். ஜி12 எண்டு தேடும். எங்கடை எம் 2 அசலிலை ஜெனரல் மோட்டர்ஸ் ஜி12 தான். 1954 இலை கொழும்புத் திட்ட உதவியிலை கனடாவிலை இருந்து வந்தது. ஒன்ராறியோ மாகாணத்திலை இருக்கிற லண்டன் எண்ட ஊரிலைதான் செய்தவை. அதாலைதான் 569 ஆம் நம்பர் எஞ்சினுக்கு ஒன்ராறியோ, 570 க்கு ஆல்பேர்ட்டா எண்டு கனடா மாகாணப் பேர்.

பிரேசிலிலை ஃபிராட்டெஸ்கி எண்ட கொம்பனி எச்.ஓ. அளவிலை ஜி12 செய்யிறது. 16.5 மி.மீ. பாதையிலை ஓடும், உம்மடை தண்டவாளத்துக்குச் சரி. நாலு அச்சு, கட்டையான எஞ்சின் எண்டபடியால் 438 வளைவும் அதுக்குப் பிரச்சினை இல்லை.

ஒரு வித்தியாசம் இருக்கு. பிரேசில் ஜி12 இலை போகிக்கு ரெண்டு அச்சு. எங்கடை ஆல்பேர்ட்டாவுக்குப் போகிக்கு மூண்டு அச்சு, நடு அச்சிலை மோட்டர் இல்லை. இதைச் சரிக்கட்ட ஓடுற அச்சுகளிலை கை வைக்காதையும். 0.5 மி.மீ. பிளாஸ்ரிக் தாளிலை மூண்டு அச்சுப் பக்கச்சட்டம் வெட்டி வெளியாலை ஒட்டி, நடுவிலை ஒரு பொய்ச் சில்லைத் தண்டவாளத்துக்கு அரை மில்லிமீற்றர் மேலை தொங்கவிடும். தண்டவாளத்தைத் தொட்டால் எஞ்சின்ரை பாரம் அதிலை ஏறும். அப்ப ஓடுற சில்லுக்குப் பிடி குறைஞ்சு, நிண்ட இடத்திலை சுத்தும். அச்சிடைவெளி கொஞ்சம் குறைவாய்த்தான் தெரியும். உடம்பு கிட்டத்தட்ட எம் 2 தான்.

ஆனைக்கோட்டை அண்ணை, மாலை 6:41
அக்கா சொன்ன எச்.ஓ. விசயத்திலை இன்னொரு நன்மை இருக்கு. எங்கடை அகலப்பாதை 1676 மி.மீ. எச்.ஓ. 87 இலை ஒரு பங்கு, அப்ப சரியான மொடல் பாதை 19.3 மி.மீ. வரவேணும். கடையிலை கிடைக்கிறது 16.5. குறைவு 2.8 மி.மீ. ஓ.ஓ. 76 இலை ஒரு பங்கு. அதுக்கு 22 மி.மீ. வேணும், ஆனால் பாதை அதே 16.5 தான். குறைவு 5.5. எஞ்சினை முன்னுக்கு இருந்து பாத்தால் ஓ.ஓ. விலை சில்லுகள் உள்ளுக்கை ஒடுங்கி நிக்கிறது கண்ணிலை குத்தும். எச்.ஓ. விலை அவ்வளவு இல்லை. எங்கடை ரயிலைச் செய்ய வெளிக்கிடுற ஆக்களுக்கு இதாலைதான் நான் எச்.ஓ. சொல்லுறது.

மானிப்பாய் மாஸ்டர், மாலை 6:49
அது சரி. ஆனால் மாமா இருக்கிறது பிரித்தானியாவிலை. அங்கை கைக்கெட்டிற தூரத்திலை கிடைக்கிறது ஓ.ஓ. தான். அதுக்குள்ளை எங்கடை சரித்திரம் தொடுற எஞ்சின் ஒண்டு இருக்கு: பிரித்தானிய டீசல் கிளாஸ் 31.

எங்கடை முதல் பெரிய டீசல் எம் 1. பிரஷ் பாக்னல் செய்தது, 1950களிலை வந்தது, மொத்தம் 25. மெர்லீஸ் கொம்பனி எஞ்சின், போகிக்கு மூண்டு அச்சு, நடு அச்சு சும்மா பாரம் தாங்கத்தான். அந்த அனுபவத்தோடைதான் பிரஷ் 1957 இலை இருந்து பிரித்தானிய ரயில்வேக்கு கிளாஸ் 31 செய்தது. அதுக்கும் முதலிலை மெர்லீஸ்தான், அதே அச்சமைப்புத்தான். அச்சொட்டாய் ஒண்டு எண்டு சொல்லேலாது, ஒரே குடும்பம். ஹோர்ன்பியும் செய்திருக்கு, அக்கியூராஸ்கேலும் செய்திருக்கு. நீளம் கிட்டத்தட்ட 227 மி.மீ. உம்மடை பலகைக்கு அளவானது.

எனக்குக் கேட்டால், முதல் எஞ்சினாய் 31. ஜி12 ஐ ரெண்டாவதாய்க் கனடாவிலை இருந்து வாற ஒரு ஆளைக் கொண்டு எடுப்பியும்.

கோண்டாவில் தம்பி, மாலை 6:52
பழசு வாங்கினால் மலிவு எண்டு மாமா சொல்லுறார். கடையிலை ஓட்டிப் பாத்தால் காணும் தானே?

ஆனைக்கோட்டை அண்ணை, மாலை 7:05
வேகமாய் ஓட்டிக் காட்டுறதைப் பாத்து வாங்கக்கூடாது. எந்த எஞ்சினும் வேகமாய் ஓடும். ஆறுதலாய் ஓடுதோ எண்டுதான் பாக்கவேணும்.

மாமா அடிக்கோல் ஒண்டு கொண்டு போகட்டும். தண்டவாளத்துக்குப் பக்கத்திலை 30 செ.மீ. குறிச்சு, குமிழை மெல்லமாய்த் திருப்பி, எஞ்சின் அசையத் தொடங்கின இடத்திலை விட்டிட்டு நேரம் பாக்கவேணும். ஓ.ஓ. எஞ்சின் அந்த 30 செ.மீ. ஐ 30 செக்கனிலை நிக்காமல் கடந்தால் உண்மை அளவிலை மணிக்கு 3 கி.மீ. க்கும் குறைவு. அப்பிடி ஊருற எஞ்சினை நம்பி வாங்கலாம். விக்கி விக்கிப் போனால், இல்லாட்டி விரலாலை தள்ளினாப் பிறகுதான் வெளிக்கிட்டால், வேண்டாம். பின்பக்கமாயும் அதே சோதனை. முன்னுக்கு நல்லாய்ப் போய்ப் பின்னுக்கு இழுபடுற எஞ்சின் கன இருக்கு.

ஊருறதுக்குக் காரணம் மூண்டு: பாரம், மோட்டர் அச்சிலை பறக்குஞ்சில்லு (ஃபிளைவீல்), எல்லாச் சில்லாலையும் மின் எடுக்கிறது. தண்டவாளத்திலை தூசு ஒரு சில்லை மறைச்சாலும் மற்றச் சில்லுகள் எடுக்கும். அந்த ஒரு கணம் எல்லாமே விட்டாலும் பறக்குஞ்சில்லு இழுத்துக்கொண்டு போகும். நாலு சில்லுக் குட்டி ராங்க் எஞ்சின் வடிவுதான். ஆனால் பொயின்றிலை (பாதை பிரியிற இடம்) நடுவிலை இருக்கிற பிளாஸ்ரிக் துண்டிலை ஒரு சில்லு ஏறினால் அந்தப் பக்கத்திலை மிச்சம் ஒண்டுதான். அதிலை ஊத்தை இருந்தால் நிண்டிடும். ஹோர்ன்பி பொயின்றுகள் அந்த மாதிரி. உமக்கு முதல் எஞ்சினாய் அது சரிவராது.

கொக்குவில் அக்கா, மாலை 7:11
ஓட்டேக்கை காதையும் குடுக்கச் சொல்லும். சில்லு ஒருக்காச் சுத்த ஒரு "டக்" எண்டு ஒழுங்காய்க் கேட்டால் அச்சுப் பல்லுச்சில்லு வெடிச்சிருக்கு. 1990களிலை வந்த அமெரிக்க டீசல்களிலை இது கூட. பல்லுச்சில்லு பிளாஸ்ரிக், அச்சிலை இறுக்கி அடிச்சது. வருசம் போகப் பிளாஸ்ரிக் சுருங்கும், உலோகம் சுருங்காது, வெடிச்சிடும். வெடிச்ச இடத்திலை ரெண்டு பல்லுக்கு இடைவெளி மயிரளவு கூடும், மேலை இருக்கிற பல்லு அதிலை ஏறி விழும். அந்தச் சத்தம்தான்.

கண்ணாலை பாக்கிறதெண்டால் அச்சைக் கழட்டி வெளிச்சத்துக்கு நேரை பிடிச்சு மெல்லச் சுத்தவேணும். பல்லுக்கு அடியிலை, அச்சுப் பக்கமாய், தலைமயிர் ஒட்டினது மாதிரி ஒரு கோடு தெரியும்.

பசை போடாதையும். அந்தப் பிளாஸ்ரிக்கிலை பசை பிடிக்காது. பல்லுச்சில்லை மாத்தவேணும். மாத்தினாப் பிறகு சில்லு ரெண்டின்ரையும் உள்முகத்துக்கு இடையிலை 14.5 மி.மீ. இருக்கோ எண்டு வேர்னியராலை அளவும். குறைஞ்சால் பொயின்றிலை ஏறும், கூடினால் தண்டவாளத்துக்குள்ளை இறுகும்.

மானிப்பாய் மாஸ்டர், மாலை 7:15
பழசிலை இன்னொண்டு. அடிச்சட்டம் துத்தநாகக் கலவை வார்ப்பு எண்டால் நேரான அடிக்கோலைப் பக்கத்திலை வைச்சுப் பாக்கவேணும். வார்க்கேக்கை ஈயம் கலந்திருந்தால் வருசக்கணக்கிலை உள்ளுக்கை வெடிச்சு ஊதும். சட்டம் வளைஞ்சு மேல்மூடியைத் தள்ளும். மருந்தில்லை. பெட்டிக்குள்ளை சாம்பல் நிறப் பொடி கிடந்தால் வாங்கவே வேண்டாம்.

சுன்னாகம் அண்ணை, இரவு 7:28
இப்பதான் பாத்தன். தம்பிக்கு 8 க்கு 4 பலகை இருக்கிறபடியால் சரி. அறை சின்னன் எண்ட ஆக்களுக்கு நான் சொல்லுறது N அளவு, யப்பான் கொம்பனி கட்டோ செய்யிறது. பாதை 9 மி.மீ. அவையின்ரை யூனிட்ராக் தண்டவாளத்திலை 249 மி.மீ. ஆரை வட்டம் இருக்கு, 2 அடிப் பலகையிலை முழு வட்டமும் கொள்ளும். ஆறுதலாய் ஓடுறதிலை கட்டோவோடை போட்டி போடுறது கஸ்ரம்.

ஆனால் அடப்டரைப் பாத்து வாங்கோணும். யப்பான் உள்ளூர் அடப்டர் 100 வோல்ற், அமெரிக்கன் 120. எங்கடை 230 இலை செருகினால் அந்த நிமிசமே புகைதான். பின்பக்க ஒட்டிலை "100–240" எண்டு இருந்தால் மட்டும் நேரை செருகலாம். பிரித்தானியாவிலை வாங்கிறது 230, பிளக்கும் எங்கடை சதுர மூண்டு ஊசிதான். மாமாவாலை இந்தத் தலையிடி இல்லை.

கோண்டாவில் தம்பி, இரவு 7:33
பேந்து டிசிசி க்கு, அதாவது எஞ்சினுக்குள்ளை டிகோடர் எண்ட சிப் வைச்சு டிஜிற்றலாய் ஓட்டுற முறைக்கு, மாறலாம் எண்டொரு யோசனை. இப்பவே டிகோடர் வைச்சது வாங்கவோ?

சுன்னாகம் அண்ணை, இரவு 7:42
இப்ப வேண்டாம். டிகோடர் செருகிற செருகி மட்டும் இருக்கிற எஞ்சினாய்ப் பாரும், 8 ஊசி இல்லாட்டி 21 ஊசி. டிகோடரைப் பேந்து செருகலாம்.

8 ஊசியிலை செம்மஞ்சள் வயர் ஒண்டாம் ஊசிக்கு. மாறிச் செருகினால் எஞ்சின் ஓடும், லைற் மட்டும் எரியாது. கழட்டித் திருப்பிச் செருகினால் சரி, ஒண்டும் எரியாது. 21 ஊசியிலை ஒரு ஓட்டை அடைச்சிருக்கும், அது எந்தப் பக்கம் எண்டு பாத்துச் செருகும். அமத்தினால் இறங்கவேணும், பலம் போடக்கூடாது.

செருகி இல்லாத பழைய எஞ்சினுக்கு வயர் ஒட்டுறதெண்டால் முதல் மல்ரிமீற்றரை எடும். வயர் எல்லாத்தையும் கழட்டிப்போட்டு, மோட்டரின்ரை ரெண்டு முனையிலையும் ஒவ்வொண்டாய் வைச்சு அடிச்சட்டத்தைத் தொட்டுப் பாரும். மீற்றர் பீப் எண்டு கத்தினால் மோட்டர் சட்டத்தோடை தொடர்பிலை இருக்கு. அதைப் பிரிக்காமல் டிகோடர் போட்டால் முதல் தரமே கருகும்.

போட்டாப் பிறகு எஞ்சின்ரை விலாசம் 3 எண்டுதான் வரும். அது சிவி 1 (டிகோடரிலை அமைப்பு எழுதிற இடங்களுக்குச் சிவி எண்டு பேர்). குழம்பினால் கன டிகோடர்களிலை சிவி 8 இலை 8 எழுதினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். கொம்பனித் தாளை ஒருக்காப் பாத்திட்டு எழுதும்.

கொக்குவில் அக்கா, இரவு 7:50
எங்கடை காத்துக்கு ஏத்த மாதிரி வைச்சிருக்கிறதும் முக்கியம். கடற்காத்து உப்பு, ஓட்டுக்கூரைத் தூசு ரெண்டும் இருக்கு. தண்டவாளம் நிக்கல் சில்வராய் இருக்கவேணும். பழைய உருக்குத் தண்டவாளம் எங்கடை பக்கம் ஒரு மாரிக்குத் தாங்காது.

துடைக்கிறதுக்கு ஐசோபுரொப்பைல் அல்ககோல் மட்டும். பாமசியிலை "சேர்ஜிக்கல் ஸ்பிரிட்" எண்டு தருவினம், அதிலை ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். கைச் சனிற்றைசரிலை கிளிசரின். ரெண்டும் தண்டவாளத்திலை படலம் விடும், அதிலை தூசு ஒட்டி முன்னையை விடக் கூட ஊத்தையாகும். பழைய பருத்தி வேட்டித் துண்டு நல்லது, மயிர் விடாது. அதைத் தண்டவாளத்துக்குக் குறுக்கை போட்டு ஐசோபுரொப்பைலிலை நனைச்சு, எஞ்சின்ரை ஒரு போகியை அதிலை விட்டு, மற்றப் போகி தண்டவாளத்திலை நிக்க ஓடவிடும். சில்லு சுத்தச் சுத்தக் கறுப்புக் கோடு கோடாய்த் துணியிலை இறங்கும். பேந்து மற்றப் பக்கம். கோடு விழாமல் துணி வெள்ளையாய் நிண்டால் காணும்.

எண்ணெய் ஒரு துளி, ஊசி முனையாலை, மோட்டர் அச்சு ரெண்டு முனைக்கும். பிளாஸ்ரிக்குக்குப் பாதிப்பில்லாத எண்ணெயாய் இருக்கவேணும். தேங்காயெண்ணெய் உறைஞ்சு பிசினாகும், கிட்டவும் கொண்டு போகாதையும். சில எஞ்சின்களிலை பிடிக்காகச் சில்லிலை மாட்டிற ரப்பர் ரயர் எங்கடை சூட்டுக்குக் கெதியாய்க் காயும். ரயர் வைச்ச எஞ்சின் எண்டால் ரெண்டு சோடி மேலதிகமாய் எடுப்பியும்.

ஆனைக்கோட்டை அண்ணை, இரவு 7:54
பெட்டிக்குள்ளை மஞ்சள் பழைய ஸ்பொஞ் இருந்தால் உடனை எறியச் சொல்லும். உக்கிப் பசையாகி நிறத்தைத் தின்னும். மெல்லிய ரிசு பேப்பர் சுத்தி, சிலிக்கா ஜெல் பை ரெண்டு போட்டு, கைப்பையிலை கொண்டு வரட்டும். சூட்கேஸிலை போட்டால் பஃபர், கைபிடிக் கம்பி எல்லாம் முறியும்.

கோண்டாவில் தம்பி, இரவு 8:06
மாமாவுக்கு இப்பிடி அனுப்பிறன், பாருங்கோ:
"கிளாஸ் 31, ஓ.ஓ. அளவு, 438 வளைவிலை ஓடவேணும். டிகோடர் வேண்டாம், 8 அல்லது 21 ஊசிச் செருகி இருக்கவேணும். பழசெண்டால் 30 செ.மீ. 30 செக்கன், முன்னும் பின்னும். டக் சத்தம் கேக்கக்கூடாது. அடிச்சட்டம் நேராய் இருக்கவேணும். கைப்பையிலை கொண்டு வாங்கோ."

மானிப்பாய் மாஸ்டர், இரவு 8:09
கொளுவியை விட்டிட்டீர். உம்மடை ரயில் பெட்டிகளை எஞ்சினோடை தொடுக்கிறது ஹோர்ன்பிக் கொளுவி எண்டால், எஞ்சினுக்கும் அதே மாதிரி கொளுவி சேத்து வருதோ எண்டு கேக்கச் சொல்லும். புது 31 களிலை கொளுவி தனிப் பையிலை இருக்கும், கடையிலை பெட்டி திறந்து காட்டேக்கை அந்தப் பை தவறிப்போகும்.

கோண்டாவில் தம்பி, இரவு 8:11
சேத்திட்டன் மாஸ்டர். அனுப்பியாச்சு.