கரிசல், தேரி மணல், ஸ்பிட்டி கல்: எந்தத் தரையில் எந்தப் பின் டயர் பிடித்தது?

கோவில்பட்டி

கோவில்பட்டி, பெங்களூரு, பொள்ளாச்சி என்று மூன்று ஊர்க்காரர்கள், அவரவர் பைக் ஓட்டிய தரையைப் பற்றி மாறி மாறிச் சொல்கிறோம். பின் டயர் மாற்றப் போகிறவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். என்னைக் கேட்டால் வேறு இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள், அந்த மண்ணுக்குப் போய்ச் சேர எவ்வளவு தூரம் தார்ச்சாலை. கம்பெனிப் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எனக்கு வாய்த்தது கரிசல். என் வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, பின்னால் 120/80-18 டயர் (120 மி.மீ. அகலம், 18 அங்குல ரிம்). கோடையில் கரிசல் காட்டுத் தடம் சிமென்ட் மாதிரி இறுகிக் கிடக்கும், கம்பெனி டயரிலேயே சிரமமில்லாமல் போய்விடலாம். ஐப்பசியில் ஒரு மழை விழட்டும், அதே தடம் ஆளே மாறிவிடும். சக்கரம் முதல் சுற்றிலேயே மண்ணை வாரி அப்பிக்கொள்ளும். டயர்மேல் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறோம், அவற்றின் இடைவெளி அடைபட்டதும் டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். அதோடு விடாது. மட்கார்டுக்குள்ளும் பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்கார்ம் இடுக்கிலும் களிமண் ஏறி இறுகி, வண்டி நியூட்ரலில் இருந்தாலும் தள்ள முடியாது. ஒடித்த கருவேலங்குச்சியால் அந்த மண்ணைக் குத்திக் குத்தி எடுப்பது இந்தப் பக்கம் எல்லோருக்கும் பழகிய வேலை.

இங்கே பட்டனின் உயரத்தைவிட இடைவெளிதான் முக்கியம். அகலமான இடைவெளி இருந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது மண்ணை உதறித் தள்ளும். நெருக்கமான பட்டன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் அடைத்துக்கொள்ளும். இடைவெளி அதிகமான டயரைப் போட்டபிறகு ஓடைக்கரைத் தடங்களில் நிற்காமல் போக முடிகிறது. ஆனால் ஊறிப்போன உழவுக்காட்டில் எந்த டயரும் ஜெயிக்காது. ஒரு நாள் வெயில் காயட்டும் என்று விட்டுவிடுவதுதான் வண்டிக்கும் நல்லது, சம்சாரியின் நிலத்துக்கும் நல்லது.

தேரி மணல் வேறு கதை. தூத்துக்குடி மாவட்டத்துக் குதிரைமொழித் தேரிப் பக்கம் ஊர்களுக்கு நடுவே மணல் தடங்கள் உண்டு. காப்புக்காட்டுக்குள் வண்டியை விடுவதில்லை, தடத்தோடு சரி. அந்தச் சிவப்பு மணல் மாவு போலக் காலுக்கடியில் நழுவும். உயரமான பட்டன் இருந்தாலும் காற்றைக் குறைக்காவிட்டால் பின் சக்கரம் நின்ற இடத்திலேயே குழி தோண்டும். தார்ச்சாலையில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைக்கும் காற்றழுத்தத்தை இங்கே 18 வரை இறக்குகிறேன். டயர் தட்டையாகி மணல்மேல் படர்ந்து நிற்கும், அதுதான் பிடிப்பு. மணல்மேட்டுப் பந்தயங்களில் துடுப்பு மாதிரிப் பட்டை வைத்த டயர் போடுகிறார்கள். தார்ச்சாலையில் அதை ஓட்டவே முடியாது என்பதால் நமக்கு அது ஆகாது.

டயர் அட்டவணை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். இளகிய தரைக்கான டயரில் பட்டன் உயரமாக, விலகலாக, பெரும்பாலும் கெட்டி ரப்பரில் இருக்கும். கெட்டித் தரைக்கான டயரில் பட்டன் குட்டையாக, நெருக்கமாக, மெது ரப்பரில் இருக்கும். டன்லப்பின் ஜியோமேக்ஸ் வரிசையில் எம்எக்ஸ்14 மணலுக்கும் சேற்றுக்கும், எம்எக்ஸ்34 இளகிய தரைக்கு, எம்எக்ஸ்53 கெட்டித் தரைக்கு. அவை பந்தயத் தடத்துக்கு மட்டுமே ஆனவை, ரோட்டில் ஓட்டக் கூடாது. ஆனாலும் கம்பெனிக்காரர்கள் தரையை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம்.

பெங்களூரு

கல் தரையைப் பற்றி நான் சொல்கிறேன். ஹிமாச்சலில் ஸ்பிட்டிக்குப் போகும் வழியில், கிராம்ஃபுவிலிருந்து சத்ரு, பாத்தல் வழியாகக் குன்சும் கணவாய்க்கு ஏறும் பாதையை ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-இல் போனோம். பின்னால் 120/90-17. வழி முழுக்க உருண்டைக் கல், நடுநடுவே பனி உருகி வரும் ஓடைகள். மத்தியான வெயிலில் உருகல் கூடி ஓடையில் தண்ணீர் ஏறிவிடும். காலையிலேயே கடந்துவிட வேண்டும், டயர் எதுவானாலும் இது மாறாது.

கூட வந்த ஒருவர் உயரப் பட்டன் டயர் போட்டிருந்தார். ஈரக் கல்லின்மேல் அந்தப் பட்டன்கள் வளைந்து வளைந்து நழுவின. ஓரத்துப் பட்டன்கள் வேரோடு கிழியத் தொடங்கியதை பாத்தல் டீக்கடை வாசலில் உட்கார்ந்து பார்த்தோம். நான் போட்டிருந்தது பாதி ரோடு பாதி காடு என்கிற வகை. அகலமான கட்டைகள், மெது ரப்பர். கல்லின்மேல் ஒட்டிக்கொண்டு ஏறியது.

கோவில்பட்டி அண்ணன் தேரியில் வைக்கும் 18 பி.எஸ்.ஐ.யை அங்கே வைத்துவிடாதீர்கள். கூரான கல்லில் வேகமாக இறங்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். சாமான் கட்டிய வண்டியில் நாங்கள் 25-க்குக் கீழே இறக்கவில்லை. அப்புறம், பெங்களூரிலிருந்து வண்டியை ரயிலில் அனுப்பினோம். அவ்வளவு தூரம் ஹைவேயில் ஓட்டியிருந்தால் பட்டன் டயர் மலை ஏறும் முன்பே நடுவில் தேய்ந்து மொட்டையாகியிருக்கும்.

பொள்ளாச்சி

எங்களுக்கு ஆழியாறிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவு. எஸ்டேட் மண் தடத்தில் ஒரு மணி நேரம் ஓட்ட, அதற்கு முன்னும் பின்னும் ஈரத் தார்ச்சாலை. முழுப் பட்டன் டயரை அந்த வளைவில் சாய்த்தால் பட்டன் நுனிகள் மட்டும்தான் ரோட்டில் படும். பின்பக்கம் மெல்ல விலகுவது இடுப்பில் தெரியும், எனக்கு அது பிடிக்கவே இல்லை. அதனால் ரோட்டுக்கு 60, மண்ணுக்கு 40 என்கிற டயருக்கு வந்துவிட்டேன். செம்மண் சேற்றில் கொஞ்சம் வழுக்கும், கால் ஊன்றிக்கொள்ளலாம்.

பட்டன் டயர் போடுகிறவர்கள் இதையும் கவனியுங்கள். எஞ்சின் தள்ளும் விளிம்புதான் முதலில் மழுங்கும். பின்விளிம்பு கூராகவே இருக்கும். சுற்றும் திசைக்கு அம்புக்குறி இல்லாத டயராக இருந்தால் பாதி ஆயுளில் கழற்றித் திருப்பிப் போடலாம், பழைய கடி திரும்பி வரும். எங்கள் பஞ்சர் கடை அண்ணன் சொல்லிக் கொடுத்தது இது.

ஒரு சந்தேகம், கோவில்பட்டி அண்ணா. பார்க்க நன்றாக இருக்கிறது என்று 120-க்குப் பதில் 140 போடச் சொல்கிறார்கள். போடலாமா?

கோவில்பட்டி

வேண்டாம் தம்பி. ரிம்மின் அகலம் அதேதான். அதில் 140-ஐத் திணித்தால் டயரின் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடு மட்டும் உருண்டு நிற்கும், கம்பெனி நினைத்த அளவுக்கு ரப்பர் தரையில் படாது. எடையும் கூடும். 200 சி.சி. எஞ்சின் மணலில் திணறுவதற்கு அது ஒன்றே போதும். மணலில் ஒடுக்கமான டயரே காற்றைக் குறைத்தால் போதுமான அளவு படர்கிறது.

வாங்கும்போது டயரின் பக்கச் சுவரில் (சைடுவால்) நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 1825 என்றால் 2025-ஆம் வருஷத்தின் 18-ஆவது வாரத்தில் தயாரானது. இந்த வகை டயர் மெதுவாகத்தான் விற்கும், கடையில் நாள்பட்டுக் கிடந்த சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். குறைந்த காற்றில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் ஒன்றும் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது டயர் ரிம்மில் நழுவி, ட்யூபின் வால்வைப் பிய்த்துவிடும்.

மாட்டி முடித்ததும் சென்டர் ஸ்டாண்டோ கல்லோ முட்டுக்கொடுத்து, சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். செயினுக்கும் ஓரப் பட்டனுக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். சேறு ஒட்டினால் அந்த இடமும் குறையும்.