படுக்கப் போகும்போது என்ன உடுத்துகிறீர்கள்? மும்பைத் தோழிகளின் அனுபவங்கள்

செம்பூர்க்காரி:

தோழிகளே, மழை பிடித்துக்கொண்டது. கொடியில் போட்ட நைட்டி எதுவும் காயவில்லை. இன்றைக்கு ராத்திரி எதை உடுத்துவது என்று யோசித்தபோதுதான் இதை உங்களிடம் கேட்கத் தோன்றியது. படுக்க என்ன உடுத்துகிறீர்கள்? அதை முடிவு செய்தது நீங்களா, இல்லை வீடா?

என் கதையை முதலில் சொல்கிறேன். கல்யாணமாகி நான் வந்தது செட்டா நகர் பக்கம், ஒரு ஹால், ஒரு பெட்ரூம் இருக்கும் வீட்டுக்கு. மாமனார் ஹாலில் படுப்பார். பாத்ரூம் போக அவர் கட்டிலைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் பல வருடம் நான் தூங்கியது புடவையில்தான். தோளில் பின் குத்தியபடியே தூங்குவேன். மே மாதப் புழுக்கத்தில் இடுப்பில் கொசுவம் செருகின இடம் முழுக்க வேர்க்குரு. அத்தையும் அப்படித்தான் இருந்தார், அதனால் கேட்க வாய் வரவில்லை.

அப்புறம் அத்தைக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. தையல் போட்ட வயிற்றில் பாவாடை நாடா படக்கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நைட்டியோடு வீட்டுக்கு வந்தவர் அதற்குப் பிறகு ராத்திரியில் புடவை கட்டவே இல்லை. உடம்பு தேறி முதல் தடவையாகக் கடைக்குப் போனபோது எனக்கும் சேர்த்து வாங்கி வந்தார். “இவ்வளவு நாள் நீயும் கஷ்டப்பட்டிருப்பியே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்கு ராத்திரி வசதியாகப் படுக்க அனுமதி கிடைக்க ஒரு ஆபரேஷனோ பிரசவமோ தேவைப்படுகிறது. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

தாராவிப் பொண்ணு:

அக்கா, உங்களுக்குத் தாண்டிப்போக ஒரு ஹாலாவது இருந்தது. நாங்கள் தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் ஒரே அறையில் வளர்ந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், தம்பி, நான் எல்லோரும் வரிசையாகப் படுப்போம். ஊரிலிருந்து சித்தப்பா வந்தால் அவரும் அதே வரிசையில்தான். வயசுக்கு வந்த நாளிலிருந்து நான் படுத்தது முழுச் சுடிதாரில், துப்பட்டாவும் போட்டு. உள்ளாடையும் கழற்றமாட்டேன். வீட்டில் யாரும் அப்படிப் படு என்று சொன்னதில்லை. அம்மா எப்படிப் படுப்பாங்களோ அதைப் பார்த்துப் பழகியதுதான்.

இன்னொரு காரணம் கழிப்பறை. சந்து முனையில் பொதுக் கழிப்பறை. ராத்திரி அவசரம் என்றால் அம்மாவை எழுப்பி, டார்ச் எடுத்து, இரண்டு பேருமாகப் போகணும். வழியில் சீட்டாடுகிற பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எங்களுக்குத் தூங்குகிற உடுப்பு என்று தனியாக எதுவும் கிடையாது. எழுந்தால் அப்படியே சந்தில் நடக்க முடியணும், அவ்வளவுதான்.

ஆனால் விடியற்காலை குழாயில் தண்ணீர் வரும் நேரம் மட்டும் வேறு சட்டம். அந்த நேரத்தில் எல்லா அக்காமாரும் நைட்டியோடு, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, குடத்தோடு வெளியே நிற்பார்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் கிளம்புகிற நேரத்துக்கு அதே நைட்டியில் நின்றால் மட்டும் பேச்சு வரும்.

ஒன்று கட்டாயம் சொல்லணும். போன மழைக்காலத்தில் எனக்கு மார்புக்குக் கீழேயும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்தது. மெடிக்கலில் சொல்லி ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன். முதலில் அடங்கின மாதிரி இருந்தது, பிறகு இரண்டு மடங்காகப் பரவியது. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறது, அது அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளரவிடும் என்று சொன்னார். மருந்து கொடுத்துவிட்டு, “ராத்திரியாவது உடம்பில் காற்று படட்டும், இறுக்கமாக எதுவும் வேண்டாம், ஈரத் துணியை மட்டும் உடுத்தாதே” என்றார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா அன்றைக்கே அறை மூலையில் ஒரு கயிறு கட்டிப் பழைய சேலையைத் திரையாகத் தொங்கவிட்டாங்க. இப்போது திரைக்கு இந்தப் பக்கம் நானும் அம்மாவும் தொளதொள காட்டன் நைட்டியில் படுக்கிறோம்.

அந்தேரி ஹாஸ்டல்வாசி:

நான் டீ-ஷர்ட், அரைக்கால் பேன்ட். அறையில் மூன்று பேருமே அப்படித்தான். சாப்பாட்டு ஹாலுக்கு இறங்கும்போது மேலே ஒரு முழுப்பேன்ட் மாட்டிக்கொள்ளணும், வார்டன் விதி அது. ஊருக்கு, திருநெல்வேலிக்குப் போனால் பெட்டியில் நைட்டி தனியாகப் போகும். அம்மாவோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

தையல் அக்கா, ஆன்டாப் ஹில்:

நான் வீட்டிலேயே மெஷின் வைத்து நைட்டி தைக்கிறேன். நீங்கள் பேசுவதைப் படித்ததும் சொல்ல நிறைய இருக்கிறது.

என்னிடம் வருகிறவர்கள் முதலில் டிசைன் கேட்பதில்லை. “அக்கா, உள்ளே தெரியாதில்லை?” என்றுதான் கேட்பார்கள். அதனால் மெல்லிய மல் துணி நம்மிடம் போவதில்லை, அதுதான் உடம்புக்கு நல்லது என்றாலும். பாப்ளின் கேட்பார்கள், அடர்ந்த நிறம் கேட்பார்கள். மாதவிலக்குக் கறை தெரியக்கூடாது என்பதற்காகக் கறுநீலம், மெரூன், காப்பிக்கொட்டை நிறம். மார்பில் யோக் என்கிற தனித் துண்டு வைத்து இரட்டைத் துணி கொடுக்கச் சொல்வார்கள், உள்ளாடை இல்லாமலே கதவைத் திறக்கலாம் என்பதற்காக. இந்த ஒரு வேலைக்குத்தான் என்னிடம் அதிகம் பேர் வருகிறார்கள். கடை நைட்டியில் அது சரியாக வராது.

பிள்ளை பெற்றவர்களுக்கு ஜிப். நடுவில் ஒன்று வைப்பதைவிட இரண்டு பக்கமும் மறைவாக வைத்தால், பேருக்குத் துண்டு போர்த்தாமலே பால் கொடுக்கலாம். ஜிப்பின் மேல்முனை குழந்தை கன்னத்தில் குத்தும், அதற்கு ஒரு சின்னத் துணி மடிப்பு வைத்துத் தையுங்கள். தெரியாத டெய்லரிடம் கொடுத்தால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பாக்கெட். முன்பெல்லாம் யாரும் கேட்டதில்லை. இப்போது மொபைல், சாவி, சிலருக்கு ஆஸ்துமா பம்ப். வலது பக்கம் ஆழமாக வைத்துக்கொடுக்கிறேன்.

காட்டன் துணியை வாங்கினதும் வெட்டவேண்டாம். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுப் பிறகு கொண்டுவாருங்கள். முதல் சலவையில் சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

மாட்டுங்கா மாமி:

எனக்கு மாதவிலக்கு நிற்கிற சமயம். நடுராத்திரி திடீரென்று கழுத்திலிருந்து தலைவரை தீயாய்ச் சுடும், வியர்வை கொட்டும், அடுத்த நிமிஷம் குளிர் நடுக்கும். அந்தச் சமயத்தில் மகன் ஆசையாக வாங்கித்தந்த சாட்டின் நைட்டி ஒன்று இருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. உடுத்திப் படுத்தால் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தூக்கமே போயிற்று.

என் பெண் இங்கே வீஜேடிஐ கல்லூரியில் டெக்ஸ்டைல் படிக்கிறாள். லேபிளைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது பட்டே இல்லை, பாலியஸ்டர்” என்றாள். சாட்டின் என்பது நெசவு முறைதானாம், நூல் எதுவாகவும் இருக்கலாமாம். சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான் என்று சொல்லிக்கொடுத்தாள். வியர்வை போக இடமில்லாமல் தோலிலேயே நிற்கிறது, அதுதான் அந்தப் பிசுபிசுப்பு. தூக்கம் வர உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கவேண்டும், அதற்குத் தோல் வழியாகச் சூடு வெளியே போகவேண்டும் என்றும் சொன்னாள். மும்பையில் ஜூலை மாதக் காற்றே ஈரமாய் இருக்கும்போது வியர்வை ஆறுவதே பெரும்பாடு. அதன்மேல் பாலியஸ்டரையும் போர்த்திக்கொண்டால் எப்படித் தூங்குவது?

இப்போது என் அம்மாவின் சுங்குடிப் புடவைகளைப் பிரித்துத் தையல்காரரிடம் கொடுத்து நைட்டியாக்கிக்கொண்டேன். துவைத்துத் துவைத்து மிருதுவாகிப் போன துணி. ராத்திரி வியர்த்து நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று தலைமாட்டில் மடித்து வைத்திருப்பேன். இதே அவஸ்தையில் இருக்கிறவர்கள் அதை மட்டுமாவது செய்யுங்கள். எழுந்து விளக்குப் போட்டு அலமாரி திறந்தால் போன தூக்கம் திரும்பாது.

தாராவிப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. ராத்திரி பிரா போட்டுத் தூங்கினால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதற்கு ஆதாரம் கிடையாது, பயப்படாதே. இறுக்கினால், தோல் புண்ணானால் கழற்று. இல்லையென்றால் உன் விருப்பம்.

காலினா அம்மா:

மழைக்காலத்தில் நான் நைட்டி உடுத்துவதில்லை. காரணம் 2005, ஜூலை 26.

அன்றைக்கு சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது என்று பிறகு எல்லோரும் படித்திருப்பீர்கள். எங்கள் வீடு தரைத்தளம், மித்தி ஆறு தூரமில்லை. வீட்டுக்காரர் ஆபீஸிலேயே மாட்டிக்கொண்டார். சாயங்காலமே குளித்து நைட்டியில் இருந்தேன். தண்ணீர் வாசல்படி ஏறியது, கட்டில் ஏறியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் படிக்கட்டுவரை நடந்தேன். நனைந்த நைட்டி காலைச் சுற்றிக்கொண்டு அடியெடுக்கவிடவில்லை. மாடிவீட்டு ஹாலில் கட்டடத்து ஆண்கள், முன்பின் தெரியாதவர்கள், நிறையப் பேர். மின்சாரமும் இல்லை. உடம்போடு ஒட்டின துணியோடு நான் ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்திருந்தேன். மாடிவீட்டு மராட்டிக்காரத் தாயி ஒன்றும் கேட்காமல் தன் புடவையைக் கொண்டுவந்து என்னைச் சுற்றிப் போர்த்தினார். அவர் நன்றாக இருக்கவேண்டும்.

அன்றிலிருந்து ஜூன் முதல் செப்டம்பர் வரை சல்வார் கமீஸ்தான். கால் பகுதியை அகலமாக விட்டு, லேசான காட்டனில் தைத்து வைத்திருக்கிறேன். இப்போது ஐந்தாவது மாடியில் இருக்கிறோம், அப்படியும் மாற்றவில்லை. என் மகள் கேட்பாள், “அம்மா, இங்கே எந்தத் தண்ணீர் வரும்?” என்று. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மழைச் சத்தத்தில் எனக்கு அப்படித்தான் தூக்கம் வருகிறது.

ரபாலே அக்கா:

2014இல் எங்களுக்குப் பக்கத்திலேயே, நவி மும்பை கோத்திவலி கிராமத்தில், பகலில் நைட்டியோடு வெளியே வந்தால் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அறிவித்தது பெண்கள் மண்டலியே. 2018இல் ஆந்திராவில் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலபள்ளி கிராமத்தில் காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை நைட்டிக்குத் தடை, அபராதம் 2,000 ரூபாய். பார்த்துச் சொல்கிறவருக்கு 1,000 ரூபாய் பரிசு.

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. தண்ணீர் பிடித்து, டப்பா கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வருகிறவளுக்கு உடுப்பு மாற்ற நேரம் எங்கே இருக்கிறது? வெறும் உடம்போடு பெர்முடாவில் பால் வாங்கப் போகிற ஆணுக்கு எந்த ஊரில் அபராதம் போட்டார்கள்? கழுத்திலிருந்து கால்வரை மூடுகிற துணி அது. அதைப் போய்த் தப்பு என்று சொல்ல நம் பெண்களே முன்னால் நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முலுண்ட் புதுப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. அத்தை தூங்கப் போகிறவரை நான் புடவையில் இருக்கவேண்டும். அவங்க சீரியல் முடித்துப் படுக்கப் பதினோரு மணி ஆகிறது. எனக்குக் காலையில் ஆறே காலுக்கு லோக்கல் ரயில். அறைக்குள் போய் மாற்றிக்கொண்டால், தண்ணீர் குடிக்க வெளியே வரமுடியாது. கணவரிடம் சொன்னால் “நீயே பேசிக்கோ” என்கிறார். எப்படி ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.

தையல் அக்கா, ஆன்டாப் ஹில்:

கண்ணு, ஒரேயடியாக நைட்டிக்குப் போகாதே. முதலில் சாப்பாடு முடிந்ததும் காட்டன் சுடிதாருக்கு மாறு. பாத்திரம் தேய்க்கும்போது புடவை நனைகிறது என்று சொல்லு, உண்மைதானே. அது பழகினதும் அடுத்தது பார்க்கலாம். உன் அத்தை அளவும் தெரிந்தால் அனுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே துணியில் தைத்துத் தருகிறேன், யோக்கும் இரட்டைத் துணியும் வைத்து. என்னிடம் அப்படி மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்து அளவு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

செம்பூர்க்காரி:

அக்கா சொல்வது நல்ல வழி. அதோடு கணவரையும் விட்டுவிடாதேம்மா. “நீயே பேசிக்கோ” என்றால் நீ பேசும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும், அதைக் கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. அத்தையிடம் காலை லோக்கலைச் சொல்லு, தூக்கம் போதவில்லை என்று சொல்லு. அவர் ராத்திரி எப்படித் தூங்குகிறார், இடுப்பில் நாடா அழுத்துகிறதா என்றும் கேளு. என் அத்தையிடம் அதை யாருமே கேட்டதில்லை. பேசின பிறகு என்ன ஆயிற்று என்று இங்கே வந்து எழுது. மற்றவர்களும் எழுதுங்கள், மழையில் நைட்டி காயவைக்க யாரிடமாவது நல்ல வழி இருந்தால் அதையும் சேர்த்து.