கோப்து அங்கி அலங்காரம்: 'உருவூடை' சரிவருமா?

ஐயா, வணக்கம்.

கோப்துகள், அதாவது எகிப்தியக் கிறித்தவர்கள், பெயரால் அறியப்படும் பழைய எகிப்திய அங்கிகளின் டேபெஸ்ட்ரி அலங்காரத்துக்கு 'கோப்து பூவேலைத் துணி' என்ற உங்கள் பரிந்துரை காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் பூவேலை என்றதும் ஊசிதான் நினைவுக்கு வரும். இந்த அலங்காரங்களில் பெரும்பாலானவை, அங்கியை நெய்யும்போதே அதே தறியில் நெய்தவை.

அங்கியின் உடல் சாயமிடாத லினன். அலங்காரம் வரவேண்டிய இடத்தில் பாவு இழைகளை, அதாவது நெடுக்கு நூல்களை, இரண்டு மூன்றாகச் சேர்த்துக்கொண்டு, குறுக்கே ஓடும் கம்பளி ஊடையைப் பாவே தெரியாதபடி நெருக்கி அடிப்பார்கள். ஊதா நூல் உருவத்தின் ஓரம் வரை போய்த் திரும்பிவிடும். இரண்டு நிறங்கள் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் சின்னப் பிளவு விழும். அப்புறம் அந்த ஊதாவின் மேல் மெல்லிய லினன் நூலை ஓடவிட்டு முகத்தின் கண்ணையும் இலையின் நரம்பையும் வரைவார்கள். அந்த ஊதாவும் பெரும்பாலும் விலையுயர்ந்த கடல்நத்தைச் சாயம் அல்ல, மஞ்சிட்டியும் அவுரியும் சேர்ந்த நிறம்.

ஆகவே நம் சேலைகளில் வரும் 'புட்டா' என்ற சொல்லும் ஒத்துவராது. புட்டாவில் துணியின் ஊடை கரைக்குக் கரை ஓடிக்கொண்டே இருக்கும், பூவுக்குத் தனி நூல் கூடுதலாக வரும். இங்கே வண்ண ஊடைதான் துணியே. டேபெஸ்ட்ரிக்குப் பலர் எழுதும் 'திரைச்சீலை' இன்னும் மோசம். உடுத்திய துணியைச் சன்னலில் தொங்கவிட்டுவிடுகிறது. என் பரிந்துரை: உருவூடை, உருவத்தை ஊடையே நெய்வதால். 'உருவூடை நெசவு', 'உருவூடைத் துண்டு' என்று நீட்டவும் வசதி.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தின் அக்மிம், அந்தினோவே கல்லறைகளிலிருந்து வந்த அங்கிகள் பலவற்றில் அலங்காரத்தை மட்டும் வெட்டி விற்றுவிட்டு வெறும் லினனை எறிந்துவிட்டார்கள். அருங்காட்சியகங்களில் துண்டுகளே மிகுதியாக இருப்பது அதனால்தான். துண்டு அங்கியில் எங்கே இருந்தது என்பதைப் பெயரே சொன்னால் நல்லது. தோளிலிருந்து முன்னும் பின்னும் இறங்கும் பட்டை, அதாவது கிளாவஸ், 'தோள்கரை' ஆகட்டும். தோளிலும் முழங்காலருகிலும் வரும் வட்டத்துக்கு 'வட்டு', சதுரத்துக்குச் 'சதுக்கம்'. 'பதக்கம்' வேண்டாம், குத்தி மாட்டியது போல் இருக்கிறது.

'கோப்து' என்ற அடைமொழியும் எனக்கு உறுத்துகிறது. கிரேக்க மதுக்கடவுள் டயோனிசஸும் கடற்கன்னியரும் ஆடும் துண்டுகளையும் அதே பெயரில் அழைக்கிறோம். உலகம் முழுக்கப் பழகிவிட்ட பெயர் என்பதால் விட்டுவிடலாம்.

'வட்டு' மட்டும் எனக்கே அரைமனதுதான், கணினிக்காரர்கள் முந்திக்கொண்டுவிட்டார்கள். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.