சிபாப் மாஸ்க் போட்டும் காலைச் சர்க்கரை இறங்கலைங்க, எங்க கோளாறு?

பல்லடத்துக்காரன்:
வணக்கமுங்க. அப்பாவுக்கு 58 வயசு, பத்து வருஷமா சர்க்கரை. கழுத்துச் சுற்றளவு 43 செ.மீ. தூக்கத்துல மூச்சடைப்பு (ஸ்லீப் ஆப்னியா) இருக்குது. தூக்கப் பரிசோதனையில ஏ.எச்.ஐ., அதாவது மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிக்குது இல்லை குறையுதுங்கற கணக்கு, 34 வந்துச்சு. தொண்டை அடைக்காம மாஸ்க் வழியா காத்தழுத்தம் குடுக்கற ஆட்டோ சிபாப் மெஷின், மூக்கு மாஸ்க், அழுத்தம் 6 முதல் 14. ஆறு வாரமாச்சு. மெஷின் காட்டற சராசரி: தினம் 3 மணி 10 நிமிஷம், மெஷின் போட்டும் மிச்சமிருக்கற ஏ.எச்.ஐ. 11, மாஸ்க் ஓரத்துல காத்துக் கசிவு (லீக்) நிமிஷத்துக்கு 38 லிட்டர். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒண்ணுக்குப் போக எந்திரிச்சாருன்னா மறுபடி மாஸ்க் போடறதில்லை. காலையில வாய் வறண்டு கிடக்குது, மூக்குத் தண்டுல செவந்த தடம். வெறும் வயித்துச் சர்க்கரை 170க்குக் கீழ வரலை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, கால் எரிச்சலுக்கு ராத்திரி பிரிகாபலின் எடுக்கறாரு. அழுத்தத்தைக் கூட்டறதா, மாத்திரையைக் கூட்டறதா?

நொய்யல்:
இப்போதைக்கு ரெண்டையும் தொடாதீங்க. லீக் 38ங்கறதுதான் முதல் கோளாறு. சில மெஷின்ல 24 தாண்டினாலே அதிகம்னு காட்டும். அவ்வளவு காத்து வெளிய போனா தொண்டையைத் திறந்து வெக்கற அழுத்தம் நிக்காது, மெஷின் கணக்கும் தப்பும். வாய் வறண்டா வாய் வழியா காத்து போகுதுன்னு அர்த்தம். மூக்கடைப்பு இருந்தா முதல்ல அதைக் கவனிங்க. அப்புறமும் வாய் திறந்தா முழு முக மாஸ்க்குக்கு மாத்துங்க.

மாஸ்க்கை உக்காந்து மாட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. மெஷினை ஓட விட்டுப் படுக்கச் சொல்லுங்க. எல்லா ஸ்ட்ராப்பையும் தளர்த்தி, மாஸ்க்கை முகத்துல இருந்து சித்தெ தூக்குங்க. குஷன் காத்துல உப்பினதும் மெதுவா உக்கார வெச்சு, மேல் ஸ்ட்ராப், கீழ் ஸ்ட்ராப் ரெண்டையும் 'உஸ்' சத்தம் நிக்கற வரைக்கும் மட்டும் இழுங்க. அதுக்கு மேல இறுக்கினா குஷன் மடங்கி இன்னும் லீக் ஆகும். அந்தச் செவப்புத் தடமும் இறுக்கினதாலதான் வரும். கழட்டி அரை மணி ஆகியும் தடம் மறையலைன்னா மூக்குத் தண்டைத் தொடாத மாடலுக்குப் போயிருங்க. சர்க்கரைக்காரங்களுக்கு அங்க புண்ணானா ஆற நெம்ப நாளாகும். படுக்கறப்ப முகத்துல தேங்காயெண்ணெய் வேண்டாம், சிலிக்கோன் குஷன் வழுக்கும்.

அடுத்தது நேரமுங்க. கனவு காணற தூக்கம் விடியக்காலம்தான் அதிகம். அப்பத் தொண்டைத் தசை நெம்பத் தளர்ந்து மூச்சடைப்பு நீளும். ஆக்ஸிஜன் இறங்கி இறங்கி ஏறும், அட்ரினலினும் கார்டிசாலும் கூடும், கல்லீரல் சர்க்கரையை வெளிய விடும். உங்கப்பா மாஸ்க் இல்லாமப் படுக்கறது சரியா அந்த நேரம். எந்திரிக்கறப்ப மாஸ்க்கை அவுக்காம, முன்னாடி குழாயை மட்டும் கழட்டிட்டுப் போயிட்டு வந்து மாட்டச் சொல்லுங்க. முக்கால்வாசி மாஸ்க்ல அந்த வசதி இருக்குது.

கோபி அக்கா:
தம்பி, சர்க்கரைப் பக்கம் ஒண்ணு சொல்லிடறேன். சிபாப் சர்க்கரை மருந்து இல்லை. ஆராய்ச்சிகள்ல எச்பிஏ1சி (மூணு மாசச் சராசரிச் சர்க்கரை) சில இடத்துல குறைஞ்சிருக்குது, பல இடத்துல குறையவே இல்லை. அது இறங்கலைன்னு மெஷினை மூலையில வெச்சுடாதீங்க. ரத்த அழுத்தத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் அது வேணும்.

மூணு நாலு ராத்திரி, மூணு மணிக்கு குளுக்கோமீட்டர்ல பாருங்க. கிளிமிபிரைடால 70க்குக் கீழ போனாலும் வேர்த்து, படபடத்து முழிப்பு வரும். மூச்சடைப்பும் அப்படித்தான் எழுப்பும். அளவு பார்க்காம மாத்திரையைக் கூட்டினா ஆபத்துங்க. 180 தாண்டினாச் சர்க்கரை மூத்திரத்துல இறங்கும், மூச்சடைப்பும் மூத்திரத்தைக் கூட்டும், அதனால அந்த ரெண்டு மணி முழிப்புக்கு ரெண்டுமே காரணமா இருக்கலாம்.

பிரிகாபலின் மூச்சை மந்தமாக்கும். தூக்க மாத்திரையோ சாராயமோ சேர்ந்தா இன்னும் மோசம். மூச்சடைப்பு இருக்குதுன்னு எழுதிக் குடுத்த டாக்டருக்குத் தெரியணும், ஆனா நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்க.

பல்லடத்துக்காரன்:
நன்றிங்க அக்கா. எடை குறைக்கற ஊசி போட்டா மெஷின் வேண்டாம்ங்கறாங்களே? காத்தை ஈரமாக்கற மெஷின் தொட்டிக்கு (ஹியூமிடிஃபையர்) எங்க போர்த் தண்ணிதான், காய்ச்சி ஊத்தறோம்.

கோபி அக்கா:
அந்த ஊசிகள்ல ஒண்ணான டிர்செபடைடுக்கு 2024 டிசம்பர்ல அமெரிக்காவுல, உடல் பருமனோட மிதமான, கடுமையான மூச்சடைப்பு இருக்கறவங்களுக்கு அனுமதி குடுத்தாங்க. எடை இறங்கின பொறவு மறுபடி தூக்கப் பரிசோதனை பண்ணித்தான் மெஷினை விடறதா இல்லையான்னு முடிவெடுக்கணும். கிளிமிபிரைடு கூட இருந்தா அதோட அளவையும் டாக்டர் குறைக்க வேண்டி வரும், கண்ணையும் முன்னாடியே காட்டிருங்க. ஊசி இல்லாமலும் பத்து சதவீத எடை இறங்கினா ஏ.எச்.ஐ. கால்வாசி குறையலாம்.

நொய்யல்:
காய்ச்சினா உப்பு போகாதுங்க, இன்னும் கெட்டியாகும். தொட்டி அடியில வெள்ளை வளையம் கட்டியிருக்கும், பாருங்க. டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, மிச்சத்தைத் தினம் காலையில கொட்டிருங்க. மெஷின் தலைமட்டத்துக்குக் கீழ இருக்கட்டும், இல்லைன்னாக் குழாய்ல தண்ணி மூக்குக்கு வரும். உங்க பக்கம் பஞ்சுத் தூசி அதிகம். வாரம் ஒருக்கா ஃபில்டரைப் பாருங்க, சாம்பல் நிறமானா மாத்திருங்க. கரண்ட் போறப்ப யூ.பி.எஸ்ல ஓட்டினா ஹியூமிடிஃபையரை அணைச்சிருங்க, பேட்டரியை அதுதான் தின்னும்.