ஜெஸ்ஸி பாண்ட்: சம்பாதித்த புகழா, கில்பர்ட் கொடுத்த புகழா?

மேடைநேசன்:
லண்டன் சவாய் அரங்கின் இலகு ஓபராக்களில் (பாட்டும் வசனமும் கலந்த நகைச்சுவை இசை நாடகங்களில்) பாடிய ஜெஸ்ஸி பாண்டைப் (1853–1942) பலர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கில்பர்ட் எழுதி சல்லிவன் இசையமைத்த பாத்திரங்கள் கிடைக்காவிட்டால் அவர் கச்சேரிப் பாடகியாகவே இருந்திருப்பார். 'மிகாடோ'வில் (1885) மூன்று பள்ளிப் பெண்கள் பாடுகிறார்களே, பாடகிகள் மூவரும் குள்ளம், ஒரே உயரம் என்று பார்த்து அவர்களை அப்படிச் சேர்த்தவர் கில்பர்ட்தான்.

கமலி:
சரி, அதே 'மிகாடோ'வுக்கே வருகிறேன். மூவரும் ஒரே மாதிரி உடையில் நின்றால் தன்னை யார் கவனிப்பார்கள்? உடைக்காரரிடம் சொல்லி, தன் இடுப்புப் பட்டையை மட்டும் மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாகச் செய்துகொண்டார் ஜெஸ்ஸி. மேடையில் அந்த முடிச்சை ஆட்டி ஆட்டிச் சிரிப்பை அள்ளினார். இதைக் கில்பர்ட்டா எழுதிக் கொடுத்தார்?

மேடைநேசன்:
கூடப் பாடுகிறவர்களை மறைத்துக் கைதட்டல் வாங்குவது பெருமையா? 1889-இல் 'கோண்டலியர்ஸ்' எழுதும்போது முன்னணிப் பாத்திரங்களை கில்பர்ட் சமமாகப் பிரித்ததே இப்படிப்பட்டவர்களால்தான். ஜெஸ்ஸி அப்போதும் வாரச் சம்பளம் 20 பவுண்டை 30 ஆக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்.

கமலி:
கேட்டார், வாங்கினார். அதில் என்ன தப்பு? 17 வயதில் கல்யாணம், கொடுமைக்காரக் கணவன். அவனை விட்டுவிட்டுப் பாடிப் பிழைத்த பெண் அவர். 1878-இல் 'பினஃபோர்' நாடகத்துக்கு வந்தபோது வசனம் பேசவே தயங்கினார், அவருடைய பேச்சுப் பகுதியையே வெட்டினார்கள். பத்து வருடம் கழித்து 'யோமன்' தொடக்கக் காட்சியைப் பாருங்கள். வழக்கமான கோரஸ் (குழுப்பாட்டு) கிடையாது. திரை விலகும்போது ராட்டையோடு தன்னந்தனியாக உட்கார்ந்து பாடுகிறவர் ஜெஸ்ஸி. முதல் நாள் பதற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்த கில்பர்ட்டை, போய்விடுங்கள் என்று சொல்லி அனுப்பியவரும் அவரே. நடுங்கியது யார், நிலைத்து நின்றது யார்?

மேடைநேசன்:
ராட்டைக் காட்சியை ஒப்புக்கொள்கிறேன், அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் 1891-இல் சவாயை விட்டபின் அந்த அளவுக்கு ஒரு பாத்திரமாவது அவருக்கு அமைந்ததா? 1897-இல் மறுமணம் செய்துகொண்டு மேடையையே விட்டுவிட்டார்.

கமலி:
அதே கேள்வியைக் கில்பர்ட்டிடமும் கேளுங்கள். 'மிகாடோ' முதல் ஓட்டத்திலேயே 672 முறை நடந்தது. ஜெஸ்ஸி இல்லாத 'கிராண்ட் டியூக்' (1896) 123-இல் நின்றுபோனது. அதையும் எழுதியவர் கில்பர்ட்தான், இசை சல்லிவன்தான்.