இது வெல்ஷ் காப்பா, ஜிப்சி காப்பா? சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. காப் எனப்படும் கட்டுறுதியான உடல்வாகுள்ள குதிரைகளின் பொம்மைகளை மட்டும் சேர்த்து வருகிறேன். ஷ்லைக் பொம்மை நிறுவனத்தின் டிங்கர் (ஜிப்சி காப்பின் இன்னொரு பெயர்) பெட்டையும் குட்டியும் உண்டு. பிரெயர் என்ற இன்னொரு நிறுவனத்தின் 1:9 அளவு ஜிப்சி வேனரும், அதுவும் ஜிப்சி காப்தான், இருக்கிறது (அலமாரியில் பாதி இடம் அதற்கே).

புதிதாக ஒரு பழைய பீங்கான் குதிரை கைக்கு வந்திருக்கிறது. கறுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பட்டை, முன்கால் ஒன்றை முட்டிவரை தூக்கிய ஓட்டம். குளம்பை ஒட்டிய முடி கொஞ்சம்தான். ஜிப்சி காப்புக்கு முட்டிக்குக் கீழேயே அடர்ந்து தொங்குமே! அதனால் வெல்ஷ் காப், அதாவது வெல்ஷ் குதிரைப் பதிவேட்டின் டி பிரிவு என்றுதான் எனக்குப் படுகிறது.

வயிற்றடி முத்திரை பாதி அழிந்துவிட்டது. தயாரிப்பாளரை வேறு எப்படிக் கண்டுபிடிப்பது? காது நுனியும் உடைந்திருக்கிறது. எபாக்ஸி பசை வைத்துச் சரிசெய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இல்லை, சேகரிப்பு மதிப்பு போய்விடும், அப்படியே விட்டுவிடு என்பீர்களா? படங்கள் கீழே.