உறைபனியில் புல்தரை கருகுகிறது, என்ன செய்யலாம்?

காந்தல்வாசி:
ஊட்டியில் வீடு. முன்பக்கம் ஒரு சென்ட் அளவுக்குக் கிக்குயு புல், இரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தது. டிசம்பர் நடுவில்கூடப் பச்சையாக இருந்தது, பொங்கலுக்குள் வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறந்தால் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி வெள்ளை. கேட்டிலிருந்து வாசல்வரை பையனின் ஷூ தடம் ஒவ்வொன்றும் கருப்பாக அப்படியே நிற்கிறது. பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினேன், ஷீட் ஒட்டியிருந்த இடம்தான் முதலில் கருகியது. பேசாமல் கல் பதித்துவிடலாமா?

பூவாளி:
அவசரப்படாதீர்கள். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் விடாமல் பிடித்துக்கொண்டு, அடித்தண்டு வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் உயிர் இருக்கிறது, கோடை மழைக்குத் துளிர்த்துவிடும். அந்தத் தடம் பனியின் வேலை இல்லை, காலின் வேலை. உறைந்த இலைக்குள் இருக்கும் நீர் ஐஸாகிவிடும், அதை மிதித்தால் நொறுங்கத்தான் செய்யும். வெயில் வந்து பனி கரையும்வரை யாரையும், நாயையும் சேர்த்து, இறங்க விடாதீர்கள்.

மலைத்தோட்டம்:
தாவரவியல் பூங்காவில் காலையில் ஸ்பிரிங்ளர் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் நேராகப் படுவதற்குள் பனியைக் கரைக்கத்தான் அது. செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வெட்டி வந்து கூடாரம் மாதிரி கட்டுவார்கள். நீங்களும் சாக்கையோ நிழல்வலையையோ குச்சி நட்டு, புல்லில் படாமல் சாயங்காலமே கட்டிவிட்டுக் காலையில் எடுத்துவிடுங்கள். மேகமில்லாமல், காற்றும் இல்லாமல் வானம் பளிச்சென்று இருக்கிற ராத்திரிதான் ஆபத்து, எல்லா நாளும் கட்ட வேண்டாம்.

காந்தல்வாசி:
எங்கள் குழாயே காலையில் உறைந்து கிடக்கிறது சார், தண்ணீருக்கு எங்கே போவது?

மலைத்தோட்டம்:
சாயங்காலமே டிரம்மில் பிடித்து வீட்டுக்குள் வையுங்கள், பூவாளி போதும். ஆனால் இருட்டில் ஊற்றினால் அதுவும் உறைந்துவிடும், விடிந்த பிறகு ஊற்றுங்கள். அக்டோபருக்குப் பிறகு யூரியா போட்டீர்களா?

காந்தல்வாசி:
நவம்பரில் போட்டேன், பச்சை போகாமல் இருக்கட்டும் என்று.

மலைத்தோட்டம்:
அங்கேதான் கெட்டது. அந்த இளந்துளிர்தான் முதலில் அடிபடும். ஒட்ட வெட்டவும் வேண்டாம், இரண்டு அங்குலமாவது விடுங்கள்.

காந்தல்வாசி:
நாலைந்து இடத்தில் இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் கையோடு வரவில்லை. கல்லுக்குச் சொன்ன மேஸ்திரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பையனைப் பின்வாசல் வழியாகப் போகச் சொல்லியிருக்கிறேன், அவன்தான் முறைத்துக்கொண்டிருக்கிறான்.